கல் கிடந்த இடம்தான் சாட்சி

பழவேற்காடு என்றதும் பூநாரைகள் நினைவுக்கு வரும். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வரும். விடுமுறை நாளில் சென்னையிலிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்கு இறாலும் நண்டும் நினைவுக்கு வரும். அந்த ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தென்மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த கற்கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனித மூதாதையர் வாழ்ந்ததைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளின் வரிசையில் அந்தக் கற்களும் சேர்ந்திருக்கின்றன.

அந்த வயதை ஆய்வுலகம் ஏற்கும்படி நிறுவிக் காட்டிய குழுவின் தலைவர் ஒரு பெண். பெயர் சாந்தி பப்பு.

தொல்லியல் என்றாலே மக்கள் மனத்தில் எழுவது புதையல், பொற்காசு, சிலை. சாந்தி பப்புவின் குழிகளில் இவை எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவை உடைந்த கற்கள். யாரும் குனிந்துகூடப் பார்க்காத அந்தக் கற்களை, எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கோணத்தில் கிடந்தன என்று ஒவ்வொன்றாக அளந்து குறித்து வைத்ததுதான் அவருடைய பணியின் உயிர்நாடி. தமிழ்நாட்டின் வரலாற்றைச் சில லட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்தியது அந்தக் குறிப்பேட்டு வேலைதான்.

இரண்டு ஆறுகள், ஓர் ஏரி

திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது தெரியும். வடக்கே ஆரணி ஆறு; அது பழவேற்காடு ஏரியில் வந்து சேர்கிறது. தெற்கே கொசஸ்தலை ஆறு. அது எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. இரண்டு கழிமுகங்களையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. மேற்கே அல்லிக்குழி மலைத்தொடரும் சத்தியவேடு மலைகளும் நிற்கின்றன. அந்த மலைகளில் உருண்டைக் கற்கள் மண்ணோடு இறுகிக் கிடக்கின்றன. அவை குவார்ட்சைட் என்னும் கடினமான படிகக்கல். தட்டினால் கூரிய விளிம்போடு செதில் பெயரும். ஆதிமனிதனுக்குக் கத்தியும் கோடரியும் அந்தக் கல்தான்.

பழவேற்காட்டு ஏரி இந்தக் கதையில் மிகவும் இளையது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் கடும் பனிக்காலத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. கரை கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தது. பனி உருகிக் கடல் ஏறி, பிறகு மணல்திட்டுகள் எழுந்து தடுத்த பின்னரே இந்த உப்பங்கழி உருவானது. அதற்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். கோட்டைக்குப்பத்திலோ லைட் ஹவுஸ் குப்பத்திலோ கரையில் குழி தோண்டினால் மணலும் சேறும் சிப்பியும் வரும், கைக்கோடரி வராது. ஆனால் ஆறுகளைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தால் நிலத்தின் வயது ஏறிக்கொண்டே போகிறது. ஆரணி ஆற்றை ஒட்டிய வடமதுரை, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கம், மலைமேல் குடியம் குகை என்று இந்த நிலப்பரப்பு முழுவதும் பழைய கற்கால இடங்கள் சிதறிக் கிடக்கின்றன.

ஏரி மக்களுக்கு வண்டலைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துவாரம் தூர்ந்தால் தண்ணீர் மாறும், மீன் மாறும், பாடு மாறும். எந்தத் தண்ணீர் மணலை இறக்கும், எந்தத் தண்ணீர் சேற்றை இறக்கும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு சார்ந்த அறிவு. வேகமாக ஓடும் வெள்ளம் பெருங்கல்லைத் தள்ளிக்கொண்டு வரும். தேங்கி நிற்கும் வெள்ளம் நுண்ணிய களியை மெல்லப் படியவைக்கும். அத்திரம்பாக்கத்தின் மர்மம் அவிழ்ந்ததும் இதே அறிவால்தான்.

பல்லாவரத்தில் தொடங்கிய கதை

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் மனிதக் கை பட்ட கல்லைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக புவியியலாளரோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் வந்தபோது அத்திரம்பாக்கம் அகப்பட்டது. மனிதனின் தொன்மை பைபிள் கணக்கைவிட மிகப் பெரிது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த வேகத்தில் சென்னை மாகாணம் உலகத் தொல்பழங்கால வரைபடத்தில் ஏறிவிட்டது.

ஃபுட் சேர்த்த பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அவை இன்றும் எழும்பூரில் இருக்கின்றன. எந்தக் கருவி எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதிவைத்த பட்டியல், அவர் 1912இல் இறந்த பிறகு அச்சில் வந்தது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அத்தனை கற்களும் பெட்டிக்குள் கிடக்கும் வெறும் கற்களாகிப் போயிருக்கும்.

அவருக்குப் பின் 1930களில் தாமஸ் பேட்டர்சனும் வி.டி.கிருஷ்ணசாமியும் இந்தப் பகுதியை ஆராய்ந்தார்கள். இங்கே கிடைத்த கைக்கோடரிப் பண்பாட்டுக்கு ‘மதராஸ் பண்பாடு’ என்ற பெயரே நிலைத்தது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் அகழ்ந்தார். இவ்வளவு பேர் வந்து போயும் அடிப்படையான கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. இந்தக் கற்களுக்கு வயது என்ன? அதற்கு எண்ணாக ஒரு விடை யாரிடமும் இல்லை.

மீண்டும் முதலிலிருந்து

புனேயில் உள்ள டெக்கான் கல்லூரி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தாய்வீடு. தொல்லியலாளர் எச்.டி.சங்காலியாவோடு 1940களில் குஜராத்தின் லாங்க்நஜ் அகழாய்வில் பங்கேற்ற ஐராவதி கார்வே அங்கேதான் பணியாற்றினார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் பொறுப்புக்கு 1981இல் தேபலா மித்ரா வந்தபோது, அந்த இடத்தில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். பெண்கள் இந்தத் துறையில் இருந்தார்கள். ஆனால் காட்டிலும் ஆற்றங்கரையிலும் முகாமிட்டுப் பழைய கற்கால அகழாய்வைத் தலைமை ஏற்று நடத்திய பெண்கள் மிகச் சிலர்.

சாந்தி பப்பு அந்த டெக்கான் கல்லூரியில் படித்தவர். முனைவர் பட்டத்துக்குக் கொசஸ்தலை ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே எல்லாரும் பார்த்து முடித்த இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கியிருக்கக்கூடிய பகுதி அது. அவர் அங்கே ஊர் ஊராக நடந்து, முன்னோர் குறித்த இடங்களைத் திரும்பத் தேடிப் பார்த்து, மண்ணையும் கல்லையும் புதிதாக எழுதினார். அந்த மறுஆய்வு 2001இல் நூலாக வந்தது.

அதற்குள் அடுத்த படிக்கும் அவர் போய்விட்டார். 1999இல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு தொடங்கியது. சென்னையில் இயங்கும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் நடந்த பணி இது. அவரோடு குமார் அகிலேஷ் நீண்டகாலத் துணையாக இருந்தார். பெரிய பல்கலைக்கழகத்தின் ஆள்பலம் இல்லாத ஒரு சிறு மையம், உலகத் தரமான அகழாய்வு ஒன்றைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தியது என்பதே தனியாகப் பாராட்டத்தக்கது.

முதலில் சிறு சோதனைக் குழிகள். பிறகு மண் அடுக்குகளைப் பக்கவாட்டில் காட்டும் படிக்கட்டுக் குழிகள். அதன் பிறகே அகலமான அகழாய்வுக் குழிகள். கல் ஒன்று தலைகாட்டினால் உடனே பிடுங்குவதில்லை. சுற்றி மண்ணை மெல்லச் சீவி, நீள அகல ஆழ அளவு எடுத்து, படம் வரைந்து, எண் இட்டு, கடைசியில்தான் கையில் எடுப்பார்கள். இப்படி எடுத்தவை ஆயிரக்கணக்கில்.

களிமண்ணுக்குள் கல்

குழி இறங்க இறங்க, சரளையும் செம்மண்ணும் தாண்டி, மெல்லிய படிவுகளாக அமைந்த ஒரு தடித்த களிமண் அடுக்கு வந்தது. அதை ஆறாவது அடுக்கு என்று எண்ணிட்டார்கள். முன்னர் வந்த ஆய்வாளர்கள் இந்தக் களியை ஆவடிப் பகுதிப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது என்று நினைத்திருந்தார்கள். அப்படியானால் அது டைனோசர் காலத்தைச் சேர்ந்த பாறை. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. அதற்குள் கருவி இருக்க வழியே இல்லை. ஏதாவது கல் கிடைத்தாலும் மேலிருந்து வெடிப்பு வழியாக விழுந்தது என்று முடித்துவிடலாம்.

ஆனால் சாந்தி பப்புவின் குழியில் களிக்குள்ளேயே கைக்கோடரிகள் வந்தன. மேலும் மேலும் வந்தன. வெடிப்பில் விழுந்த கல் என்றால் செங்குத்தாகச் சிக்கியிருக்க வேண்டும். தாறுமாறாகக் கிடக்க வேண்டும். இவை படிவுகளோடு படிவாக, விட்ட இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொரு கல்லின் கிடையையும் அளந்து வைத்திருந்ததால்தான் இந்த வாதம் நின்றது. அந்தக் களி டைனோசர் காலத்துப் பாறையே அல்ல, ஆற்று வெள்ளம் கரை மீறிப் பரவும்போதெல்லாம் படிந்த வண்டல் என்று அவருடைய குழு நிறுவியது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நுண்ணிய களியைப் படியவைக்கும் மெதுவான தண்ணீருக்குக் கனமான கல்லை உருட்டும் வலு கிடையாது. எனவே அந்த அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் யாரோ கையில் எடுத்து வந்தது. எங்கோ கல்லைப் பெயர்த்து, ஓரளவு செதுக்கி, வெள்ளச் சமவெளிக்குச் சுமந்து வந்து, அங்கே மேலும் சீர்செய்து பயன்படுத்தியிருக்கிறார்கள். நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றே கல்லைச் சுமந்த மூதாதையர் அவர்கள். அகழாய்வில் விலங்குகளின் குளம்புத் தடங்களும், எருமை, குதிரை போன்றவற்றின் பல் புதைபடிவங்களும் கிடைத்தன. ஈரச் சமவெளி, மேயும் விலங்குகள், கல் சுமந்து வரும் இருகாலிகள் என்று அந்த நிலத்தின் காட்சி அந்தக் குழிக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

வயதை எப்படிச் சொன்னார்கள்?

எலும்புக்கும் கரிக்கும் கார்பன் முறையில் வயது கணிப்பது பலருக்கும் தெரியும். அது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. கல்லுக்குக் கார்பனும் இல்லை. ஆகவே குழு வேறு இரண்டு வழிகளில் போனது.

முதல் வழி காந்தம். பூமியின் காந்தத் துருவங்கள் அவ்வப்போது இடம் மாறிக்கொள்கின்றன. வடக்கு தெற்காகும். கடைசியாக இப்படி நேர்ந்தது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையை நோக்கித் திரும்பி அப்படியே உறைந்துவிடும். அத்திரம்பாக்கத்துக் களியில் துகள்கள் தலைகீழ்த் திசையைக் காட்டின. இதை நுட்பமாக ஆராய்ந்தபோது, கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்ற முடிவு கிடைத்தது.

இரண்டாவது வழி வானிலிருந்து வரும் கதிர்கள். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்மீது அண்டக் கதிர்கள் படும்போது, கல்லிலுள்ள படிகத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அரிய அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. புதிய அணுக்கள் உருவாவது நின்றுவிடும். இருப்பவை சிதையத் தொடங்கும். பெரிலியத்தைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சிதையும். எனவே இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எத்தனை காலமாகிறது என்று தெரிந்துவிடும். பிரான்சு நாட்டு ஆய்வகத்தில் கருவிகளையே இப்படிச் சோதித்தார்கள். கிடைத்த சராசரி வயது 15.1 லட்சம் ஆண்டு.

2011 மார்ச் மாதம் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது. களியிலும் அதற்குக் கீழுள்ள அடுக்குகளிலும் கிடைத்த 3,500க்கும் மேற்பட்ட கருவிகள் அதற்கு அடிப்படை. கட்டுரையாசிரியர்களில் மோரீஸ் தாயிப் என்ற பிரெஞ்சுப் புவியியலாளரும் ஒருவர். எத்தியோப்பியாவில் ‘லூசி’ என்னும் ஆதி மூதாதையின் எலும்புக்கூடு கிடைத்த ஹதார் பகுதியை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். ஆதி மனிதனைத் தேடி ஆப்பிரிக்கா போன அறிஞர் ஒருவரை, திருவள்ளூர் மாவட்டத்துக் குழி தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இந்தியாவில் கைக்கோடரி செய்த மூதாதையர் வெகு பின்னாளில்தான் வந்தார்கள் என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தக் கருவி வகை சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. கொசஸ்தலை ஆற்றங்கரை அதற்கு அவ்வளவு பிந்தியது அல்ல என்று இப்போது தெரிந்தது.

இரண்டாவது அதிர்ச்சி

ஏழு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், ‘நேச்சர்’ ஆய்விதழில் அதே குழுவின் அடுத்த கட்டுரை வந்தது. இந்த முறை மேலடுக்குகளின் கதை. அங்கே கைக்கோடரிகள் குறைந்துகொண்டே போய் மறைகின்றன. அவற்றின் இடத்தில் சிறிய, திட்டமிட்டுப் பெயர்த்த செதில்கள், கத்தி போன்ற நீண்ட அலகுகள், கூர்முனைகள் வருகின்றன. முதலில் மூலக்கல்லை ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குத் தயார்செய்து, பிறகு ஒரே தட்டில் வேண்டிய செதிலை எடுக்கும் ‘லெவல்வா’ உத்தியை இந்த மக்கள் அறிந்திருந்தார்கள். அடிக்கப் போகும் அடிக்கு முன்பே செதிலின் வடிவம் மனத்தில் இருந்தால்தான் இது முடியும்.

அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் மண்துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறையில் கணித்தது. இந்தப் புதிய தொழில்நுட்பம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, 1,72,000 ஆண்டு வரை தொடர்ந்தது என்று விடை வந்தது. இந்தக் கட்டுரைக்காக ஆராயப்பட்ட கருவிகள் 7,000க்கும் மேல்.

இது ஏன் அதிர்ச்சி? இத்தகைய கருவிகள் இந்தியாவுக்கு வந்தது சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பிறகோ, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் இனத்தவர் கொண்டுவந்ததால்தான் என்று பலர் கருதிவந்தார்கள். அத்திரம்பாக்கத்துத் தேதி அதை இரண்டரை லட்சம் ஆண்டுக்கு மேல் முன்னால் தள்ளிவிட்டது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று 2017இல் அறிவிக்கப்பட்ட மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே கருவி செய்தது எந்த மனித இனம் என்று குழு அடித்துச் சொல்லவில்லை. சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் மட்டுமே பேசிய அந்த நிதானம், கண்டுபிடிப்புக்கு இணையாக மதிக்கத்தக்கது.

பாறை ஓவியத்துக்கும் அதே பாடம்

கல்லைச் செதுக்கிய மனிதனைத் தேடிய பெண்களில் சிலர், கல்லின்மேல் தீட்டிய மனிதனையும் தேடினார்கள். அவர்களில் முதன்மையானவர் மேரி லீக்கி. ஓவியரின் மகள், சிறுமியாக இருந்தபோதே தந்தையோடு பிரான்சின் குகை ஓவியங்களைப் பார்த்தவர். ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கற்கருவிகளை அடுக்கடுக்காகப் பிரித்து அவர் செய்த ஆய்வு, இன்றும் பழைய கற்கால ஆய்வாளர்களுக்குப் பாடம். 1951இல் அவர் இன்றைய தான்சானியாவின் கொண்டோவா பகுதியில் முகாமிட்டு, பாறை முகடுகளில் இருந்த ஓவியங்களை உருவம் உருவமாகப் படியெடுத்தார். அவை நூலாக வெளிவர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறைந்துகொண்டிருக்கும் கலை என்றே அந்த நூலின் தலைப்பு பேசியது. அவர் படியெடுத்ததால், அழிந்தவற்றுக்கும் ஒரு பதிவு மிஞ்சியது.

பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் நியேட் கிடோன் 1970களில் தொடங்கிய பணி இன்னொரு வகை. செர்ரா டா கபிவாரா மலைகளில் நூற்றுக்கணக்கான ஓவியப் பாறைகளை ஆவணப்படுத்தியதோடு அவர் நிற்கவில்லை. 1979இல் அந்த மலைகள் தேசியப் பூங்காவாகவும், 1991இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்படும்வரை போராடினார். பூங்காவின் காவல் வேலைக்கு உள்ளூர்ப் பெண்களை அமர்த்தினார். ஊர் மக்களுக்குச் சோறு போடாத பாரம்பரியம் பிழைக்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 2025 ஜூன் மாதம், 92ஆம் வயதில் அவர் காலமானார். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் பச்மரி மலைகளில் மீனாட்சி துபே-பாட்டக் நெடுங்காலமாக ஓவியப் பாறைகளைத் தேடிப் பதிவுசெய்துவருகிறார்.

தமிழ்நாட்டிலும் ஓவியப் பாறைகளுக்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடியில் குதிரைமேல் அமர்ந்து பொருதும் இருவரை வெள்ளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் செஞ்சாந்து ஓவியங்கள் இருக்கின்றன. செத்தவரையிலும் ஓவியப் பாறை உண்டு. நீலகிரியின் கரிக்கியூர் அருகே பொறிவரை என்ற பெரும் பாறைமுகம் ஓவியங்களால் நிறைந்தது. அதன்மேல் பிற்காலத்தில் வந்தவர்கள் பெயரையும் கிறுக்கல்களையும் எழுதிச் சேதப்படுத்தியது செய்தியானபோது பலர் மனம் நொந்தார்கள்.

ஓவியமாக இருந்தாலும் கருவியாக இருந்தாலும் இழப்பு ஒரே வகைதான். ஓவியத்தைப் பாறையிலிருந்து பிரிக்க முடியாது. எந்த ஓவியத்தின்மேல் எந்த ஓவியம் ஏறியிருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, கீழே தரையில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். படம் நன்றாக விழ வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சாக்கட்டியால் கோடிழுப்பதும் ஓவியத்தைக் கொல்லும். கைக்கோடரியும் அப்படித்தான். களிக்குள் கிடந்தவரை அது 15 லட்சம் ஆண்டுக்குச் சாட்சி. பிடுங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால், அழகான கூழாங்கல்.

ஏரிக்கரை வரை

பழவேற்காட்டு மக்கள் தங்கள் ஊரின் பழமையைப் பெருமையோடு சொல்கிறவர்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று மேடாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளைக் கொண்ட கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லறைக் கற்களில் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பதால், யார் எப்போது இறந்தார் என்று நமக்குத் தெரிகிறது. எழுத்து இல்லாத காலத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கல் கிடந்த இடம்தான் எழுத்து.

அந்த எழுத்து ஒவ்வொரு நாளும் அழிந்துகொண்டிருக்கிறது. சென்னை வளர வளர அதற்குச் சரளையும் செம்மண்ணும் ஆற்று மணலும் தேவை. ஆதிமனிதன் கருவி விட்டுச்சென்றதும் அதே சரளையிலும் செம்மண்ணிலும்தான். லாரியில் ஏறும் ஒவ்வொரு சுமையிலும் ஏதாவது போகலாம். ஃபுட் முதல் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் இன்று முழு நகரம். அங்கே திரும்பத் தோண்டிப் பார்க்க நிலமே இல்லை. அத்திரம்பாக்கம் இன்னும் வயலும் ஓடையுமாக இருப்பது நம் நல்வினை.

சாந்தி பப்புவின் மையம் அகழாய்வோடு நிற்காமல் பள்ளிக் குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொல்பழங்காலத்தைச் சொல்லித்தரும் பணியையும் செய்துவருவது இதனால்தான் முக்கியமாகிறது. பாதுகாப்புப் பலகை நட்டு ஒரு வயலைக் காப்பாற்ற முடியாது. அந்த வயலில் மாடு மேய்க்கும் பிள்ளைக்கு அது என்ன இடம் என்று தெரிந்திருந்தால் காப்பாற்றலாம்.

அந்தப் பிள்ளைகள் பூண்டியைச் சுற்றி மட்டுமா இருக்கிறார்கள்? ஆரணி ஆறு ஏரியில் சேரும் இடம்வரை எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பழவேற்காட்டுக் குப்பங்களில் உள்ள பள்ளிகள் சுற்றுலா என்றால் பெரும்பாலும் சென்னைக்கோ மாமல்லபுரத்துக்கோ போகத் திட்டமிடும். அதற்கு முன் ஒரு முறை மேற்கே திரும்பலாம். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால், எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொல்பழங்காலப் பகுதியைத் தவறாமல் பார்க்கலாம். தங்கள் மாவட்டத்து நிலத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதக் கை இயங்கியது என்பதை ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை பத்து வயதில் அறிந்துகொண்டால், அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிணறு வெட்டும்போதோ, சரளை அள்ளும்போதோ, மழை அரித்த ஓடையிலோ, இரு பக்கமும் செதுக்கிய கூரிய கல் கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு பேனாவோ குச்சியோ வைத்துப் படம் எடுங்கள். ஊர், சர்வே எண், ஆழம், அன்றைய தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தகவல் கொடுங்கள். பாறையில் ஓவியம் கண்டாலும் அப்படியே செய்யுங்கள். தொடாமல், நனைக்காமல், பெயர் எழுதாமல் படம் மட்டும் எடுங்கள். சாந்தி பப்பு கால் நூற்றாண்டாகச் செய்துவரும் பணியின் முதல் படி இதுதான். அதைச் செய்ய முனைவர் பட்டம் தேவையில்லை.